மஞ்சளில் கால் படவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே, தேயிலைச் செடியை எடுத்துவிட்டுச் சமன்படுத்திய ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அஜிலிட்டி என்ற நாய்களுக்கான தடை ஓட்டத்தின் மூன்று கருவிகள் அங்கேதான் நிற்கின்றன: இரண்டு பலகை கூரை போலச் சாய்ந்து நிற்கும் ஏ-ஃப்ரேம், ஏறி நடந்து இறங்கும் ஒடுக்கமான பலகைப் பாலமான டாக் வாக், நாய் நடக்க நடக்க மறுபக்கம் தாழும் சீசா. மூன்றிலும் பலகையின் அடிப்பகுதிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும், நாய் அதை மிதித்தாக வேண்டும். என் நாய்களைப் பழக்க ஆரம்பித்த இடம். இப்போது குன்னூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் நாயோடு வருகிறார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் நல்லா பண்றான், மஞ்சள்ல மட்டும் கால் வைக்க மாட்டேங்கிறான்."

மாட்டேன் என்று நாய் சொல்லவில்லை. பலகை வழுக்கியிருக்கும், நாம் அவசரப்படுத்தியிருப்போம், சரியாகச் சொல்லித்தராமல் விட்டிருப்போம், இல்லையென்றால் உடம்பில் எங்கோ வலி இருக்கும். அதே வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன், செலவில்லாதது முதலில். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மாதக்கணக்கில் சரியாகச் செய்த நாய் திடீரென்று தவறவிட ஆரம்பித்தால் மற்ற எதையும் பார்க்காமல் நேரே கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அளவுகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய் கூட்டமைப்பின் விதிப்படி ஏ-ஃப்ரேமில் மஞ்சள் அடியிலிருந்து 106 செ.மீ., டாக் வாக்கிலும் சீசாவிலும் 90 செ.மீ. அந்த இடத்தில் ஒரு பாதமோ பாதத்தின் ஒரு பகுதியோ பட வேண்டும். படாவிட்டால் 5 ஃபால்ட், அதாவது பிழைப் புள்ளி. நீங்கள் போகும் போட்டி எந்த விதிப்படி நடக்கிறது என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாய்க்கு மஞ்சளும் பச்சையும் நமக்குத் தெரிவது போல வேறு வேறாகத் தெரியாது. புல்தரை மேல் மஞ்சள் பெயின்ட் அதன் கண்ணுக்குப் பெரிதாக எடுபடுவதில்லை. ஆகவே "கோட்டைப் பார், கோட்டைப் பார்" என்று அதட்டிப் பயனில்லை. அது கற்றுக்கொள்வது நிறத்தை இல்லை, தன் கால் எங்கே முடிய வேண்டும் என்பதை.

அறிகுறி 1: இறங்கும்போது மஞ்சளுக்கு மேலிருந்தே குதிக்கிறது

*பலகையைப் பாருங்கள்.* ஈரத் துணியைப் பலகையில் விரித்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். துணி சறுக்கிக்கொண்டே போனால் நாயின் பாதமும் போகும். வழுக்கும் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட நாய், அந்த இடத்தை மிதிக்காமல் தாண்டுவதைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கும். மலையில் இது தனித் தொல்லை. சாரல் மாதங்களில் பத்து நாள் துடைக்காமல் விட்டால் பிளைவுட் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி பிடிக்கும். ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் பலகை வெயில் பட்டுக் காயும் வரை ஏற்றவே ஏற்றாதீர்கள். பாசியைத் தென்னை நார் வைத்துத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் பெயின்டில் சலித்த ஆற்றுமணல் கலந்து இரண்டு பூச்சு அடித்தால் ஒரு பருவம் தாங்கும். மணல் பெருமணலாக இருந்தால் பாதம் தேயும். மாவு சலிக்கும் சல்லடையில் இறங்குவதை மட்டும் எடுங்கள். ரப்பர்த் துகள் ஒட்டிய பரப்பு இன்னும் நல்லது, விலைதான் அதிகம்.

*தரையைப் பாருங்கள்.* இங்கே சமதரை என்று நாம் சொல்வது பெரும்பாலும் சமதரை இல்லை. கொத்தனாரிடம் ரசமட்டத்தை ஒரு நாள் வாங்கிவந்து வைத்துப் பாருங்கள். டாக் வாக்கின் உயரம் ஏறக்குறைய 1.20 மீட்டர், இறங்கு பலகையின் நீளம் 3.60 மீட்டர். பலகை இறங்கும் பக்கம் தரை ஒரு அடி தாழ்ந்திருந்தால் நாய் 1.20-க்குப் பதில் 1.50 மீட்டர் இறங்குகிறது. சாய்வு இருபது டிகிரிக்குள் இருக்க வேண்டியது இருபத்தைந்தைத் தொடும். அந்த வேகத்தில் வரும் நாய்க்கு அடியில் நிற்க முடியாது, குதித்துத்தான் தீரும். எங்கள் நிலத்தில் முதல் வருடம் முழுக்க இது தெரியாமல் என் நாய் செவலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கருவிகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்த அன்றே பாதிப் பிரச்சினை போய்விட்டது. அவளிடம் நான் பட்ட கோபத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

*உங்கள் காலைப் பாருங்கள்.* போனை முக்காலியில் பலகைக்குப் பக்கவாட்டில் வைத்து, நாய் மஞ்சளை நெருங்கும் நேரம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஸ்லோ மோஷனில் எடுங்கள். அடுத்த தடையைப் பார்த்துத் தோள் திரும்பியிருக்கும், இல்லை நீங்கள் மூன்றடி முன்னால் போயிருப்பீர்கள். நாய் உங்கள் தோளைப் படிக்கிறது. சோதனை எளிது: பலகை முடியும் இடத்துக்கு நேராக நின்றுவிடுங்கள், நாயையே பார்த்தபடி. அப்போது சரியாக இறங்கினால் குறை உங்கள் ஓட்டத்தில். அப்புறம் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அடி முன்னால் போய் நில்லுங்கள், எந்த அடியில் நாய் பிசகுகிறதோ அங்கிருந்து பழக்குங்கள்.

*வார்த்தையைப் பாருங்கள்.* மஞ்சளில் நின்று, நாம் சொன்னபின் இறங்கப் பழக்கிய நாயை விடுவிக்க ஒரு சொல் வேண்டும். பலர் "சரி" என்று வைத்திருப்பார்கள். நாம் பேச்சில் எத்தனை "சரி" சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வேலிக்கு வெளியே நிற்பவரிடம் "சரிங்க" என்றாலே நாய் பாய்ந்துவிடும். "போலாம்", "வா" இரண்டிலும் அதே கதை. நான் "ஜூட்" என்று வைத்திருக்கிறேன். சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்துக்குச் சொன்ன சொல், வேறு எதற்கும் வாயில் வராது.

*சொல்லிக்கொடுத்ததைப் பாருங்கள்.* மேலே எல்லாம் சரி, இன்னும் குதிக்கிறது என்றால் நாய்க்கு வேலையே புரியவில்லை என்று அர்த்தம். பலகையை மறந்துவிட்டு வீட்டு வாசல் படிக்கு வாருங்கள். கடைசிப் படியில் பின்னங்கால் இரண்டும், தரையில் முன்னங்கால் இரண்டும். இதுதான் முழுப் பாடம். நாய் அப்படி நின்றதும் தின்பண்டத்தைக் கொடுங்கள், ஆனால் கொடுக்கும் இடம் முக்கியம். கையை முகத்துக்கு முன்னால் நீட்டினால் நாய் எம்பும், பின்னங்கால் படியை விட்டுவிடும். முன்னங்கால்களுக்கு நடுவே, தரையோடு ஒட்டி வையுங்கள். தலை உள்ளே குனியும், எடை பின்னால் போகும், பின்னங்கால் பதியும். இந்த ஒரு அங்குல வித்தியாசத்தை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன், ஐந்தே நிமிடத்தில் நாயின் நிலை மாறும்.

தின்பண்டத்துக்குக் கடையில் வாங்கத் தேவையில்லை. வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டுங்கள், அதோடு ஊட்டி கேரட்டை வேகவைத்துக் கலந்தால் வயிறும் கெடாது. சாக்லேட் வேண்டவே வேண்டாம், அது நாய்க்கு விஷம்.

படியில் பத்துக்குப் பத்து வந்தபின் தரையில் கிடத்திய பலகை, அப்புறம் ஒரு முனையைச் செங்கல் மேல் வைத்த பலகை, அப்புறம் முழு உயரத்தில் கடைசி மூன்றடியில் தூக்கிவிட்டு இறங்கச் செய்வது. தூக்க முடியாத பெரிய நாயைப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு அதிலிருந்து பலகைக்கு வரச் செய்யலாம். கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து ஓடவிட்டு அடியில் பிடித்து நிறுத்துவது எதையும் கற்றுத்தராது.

நிற்காமல் ஓடியே மஞ்சளை மிதிக்கப் பழக்குகிறவர்களுக்கு வேறு சோதனை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் மஞ்சளைத் துடைத்து வையுங்கள். நம் செம்மண் ஒட்டிய பாதம் அச்சாக விழும். பத்து ஓட்டத்தில் எட்டிலாவது பின்னங்கால் அச்சு மஞ்சளின் நடுவுக்குக் கீழே இருந்தால் பலகையை உயர்த்தலாம். மேல் விளிம்பிலேயே விழுந்துகொண்டிருந்தால், இன்று பட்டுவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள், போட்டி வேகத்தில் அது வெளியே போகும். பலகையைத் தாழ்த்துங்கள். நின்று இறங்குவது, ஓடி இறங்குவது இரண்டையும் ஒரே பலகையில் மாற்றி மாற்றிக் கேட்கவும் கூடாது. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

*யாரைக் கூப்பிடுவது:* படியிலிருந்து தொடங்கி மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு நாள், ஒருமுறைக்கு பத்து நிமிடம் செய்தும் முன்னேற்றம் இல்லையென்றால் அஜிலிட்டி பழக்கிய பயிற்சியாளர் ஒருவரிடம் அந்த வீடியோக்களைக் காட்டுங்கள். நேரில் கிடைக்காவிட்டாலும் வீடியோ போதும்.

அறிகுறி 2: வீட்டில் சரி, போட்டியில் தவறுகிறது

பரப்பு வேறாக இருக்கலாம். வீட்டில் மணல் பெயின்ட், அங்கே ரப்பர். போட்டிக்கு முன் வேறு இடத்துப் பலகை இரண்டிலாவது ஏற்றிவிடுங்கள்.

கூட்டமும் சத்தமும் காரணமாக இருக்கலாம். இதற்கு மலையில் இலவச வகுப்பு இருக்கிறது. மே மாத சீசனில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம், கூட்டத்தின் ஓரத்தில், நாயோடு நின்று ஒரு படிக்கட்டில் அதே நிலையைக் கேளுங்கள். இரண்டு கால் மேலே, இரண்டு கால் கீழே. அங்கே செய்கிற நாய் எங்கேயும் செய்யும். மே மாதம் ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நாய் கண்காட்சி நடக்கும்போது போட்டியில் சேராவிட்டாலும் கூட்டத்துக்குள் போகாமல் வெளிப்புறம் நடத்திக் கூட்டி வாருங்கள். பத்து நிமிடம் போதும், நாய் மூச்சிரைத்தால் அதற்கும் முன்னாலேயே திரும்பிவிடுங்கள்.

ஆனால் நான் பார்த்தவரை பெரிய காரணம் இது இரண்டும் இல்லை. வீட்டில் இரண்டு விநாடி நிறுத்துகிறவர்கள் போட்டியில் கடிகாரத்தை நினைத்து, கால் பட்டும் படாமல் இருக்கும்போதே விடுவிக்கிறார்கள். மூன்று போட்டியில் நாய் கண்டுபிடித்துவிடும்: மைதானத்தில் கயிறு கட்டியிருந்தால், எண் பலகை வைத்திருந்தால், நிற்கத் தேவையில்லை. அப்புறம் அதை அழிக்க ஆறு மாதம் ஆகும். ஆகவே அடுத்த இரண்டு போட்டிகளை வெற்றிக்காக ஓடாதீர்கள். ஒவ்வொரு மஞ்சளிலும் முழுதாக நிறுத்தி, மூச்சு விட்டு, அப்புறம் "ஜூட்". நேரம் போகட்டும். களத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோக முடியாது. ஓட்டம் முடிந்து வெளியே வந்த உடனே கொடுங்கள், அதையும் வீட்டில் முன்கூட்டியே பழக்க வேண்டும்.

அறிகுறி 3: ஏறும்போது மஞ்சளைத் தாண்டி மேலே பாய்கிறது

நீளக் கால் நாய்களில் அதிகம். ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். முந்தைய தடையிலிருந்து நேராக, முழு வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். பலகைக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் தரையில் ஒரு குச்சியைக் கிடத்துங்கள். நாய் ஒரு குட்டி எட்டு கூடுதலாக வைக்கும், கால் தானாகவே மஞ்சளில் விழும். குச்சியை முன்பின் நகர்த்தி உங்கள் நாய்க்கு உரிய தூரத்தைக் கண்டுபிடியுங்கள். சில வாரம் கழித்து எடுத்துவிடலாம்.

அறிகுறி 4: பலகையில் கோணலாக ஏறுகிறது, பக்கவாட்டில் இறங்குகிறது

இதை ஒரு நாளும் விடாதீர்கள். டாக் வாக் 30 செ.மீ. அகலம்தான். கோணத்தில் ஏறும் நாயின் பின்னங்கால் ஒன்று வெளியே தொங்கும், மேலே போய் விழும். பலகையின் அடியில் இரண்டு பக்கமும் தேயிலைக் கூடை அளவுக்கு எதையாவது வைத்து நேர்வழி காட்டுங்கள். நீங்களும் வளைந்து ஓடாமல் நாயை நேராகக் கொண்டுவந்து விடுங்கள். மேலிருந்து ஒருமுறை விழுந்திருந்தால், அடி படவில்லை என்று தெரிந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அது எழுந்து நடக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். விறைப்பு தெரிந்தால் மருத்துவர்.

அறிகுறி 5: சீசா கீழே தொடும் முன்பே பாய்கிறது, அல்லது ஏறவே மறுக்கிறது

முதலில் சீசாவைச் சோதியுங்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து, கீழே இறங்க வேண்டிய பக்கத்து மஞ்சளின் நடுவில் வையுங்கள். இரண்டிலிருந்து மூன்று விநாடிக்குள் பலகை தரையைத் தொட வேண்டும். விதிப்புத்தகம் சொல்லும் சோதனையே இதுதான். நான் செய்யச் சொல்லி வாங்கிய முதல் சீசாவில் பொட்டலம் அப்படியே மேலே உட்கார்ந்திருந்தது, பலகை அசையவே இல்லை. ஏறும் பக்கம் சதுரக் குழாய் கனமாகப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு பீகிள் நடுவைத் தாண்டி நடந்து, ஒன்றும் நடக்காமல் நின்று, திரும்பிப் பார்த்து, திடீரென்று பலகை விழுந்ததும் பயந்து ஓடியது. அதற்கு அப்புறம் நான்கு மாதம் அது சீசா பக்கமே வரவில்லை.

மெதுவாக இறங்கினால் இறங்கும் முனையின் அடியில் இரும்புப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வேகமாக இறங்கினால் அந்த முனையில் எடையைக் குறையுங்கள். அச்சு ஆடினால் அது வெல்டர் வேலை, கம்பி கட்டிச் சமாளிக்காதீர்கள்.

சீசா சரியாக இருந்தும் பயந்தால், பிரச்சினை சத்தமா அசைவா என்று பிரித்துப் பாருங்கள். நாய் தூரத்தில் இருக்கும்போது யாராவது பலகையைக் கையால் தட்டட்டும். காது பின்னால் போனால் சத்தம். பலகை முனைக்கு அடியில் பழைய டயர் போட்டு, விழும் உயரத்தைக் கையளவாகக் குறையுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு ஈரல் துண்டு, பத்து நாளில் நாயே காலால் தட்டும். அசைவுதான் பயம் என்றால் முனையில் கயிறு கட்டி ஒருவர் மெல்ல இறக்கட்டும். எந்தக் காரணம் கொண்டும் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றாதீர்கள். அப்படி ஏற்றப்பட்ட நாய்கள்தான் என்னிடம் வருவதிலேயே அதிக நாள் எடுப்பவை. நடுங்குகிறது, உறுமுகிறது என்றால் நீங்களாகத் தொடராமல் பயிற்சியாளரைப் பாருங்கள்.

அறிகுறி 6: ஊர்ந்து ஊர்ந்து இறங்குகிறது, நடுவில் நின்றுவிடுகிறது

நகம் நீளமாக இருந்தால் பலகை மேல் பிடிப்புக்காக அடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தில் மாட்டும். நகம் தரையில் நடக்கும்போது டக் டக் என்று கேட்டால் வெட்டுங்கள். சட்டத்தின் விளிம்பு கூராக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். இது இரண்டும் இல்லையென்றால், முன்பு தவறியபோது திட்டினீர்களா என்று யோசியுங்கள். திட்டு வாங்கிய இடத்துக்கு எந்த நாயும் வேகமாக வராது. ஒரு வாரம் பலகை வேண்டாம். அப்புறம் தாழ்ந்த பலகையில், முனையில் பிடித்த பந்தை வைத்து ஓடவிடுங்கள். இதிலும் மாறாவிட்டால் தோளிலோ மணிக்கட்டிலோ வலி இருக்கலாம். அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

அறிகுறி 7: நன்றாகச் செய்த நாய் திடீரென்று தவறவிடுகிறது

இதற்குப் பயிற்சி கூடாது. பயிற்சியால் சரிசெய்யப் பார்த்துக் காலைக் கெடுத்துக்கொண்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை. விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அட்டை கடித்த புண், முள், உண்ணி எதுவும் இருக்கலாம். பாதத்தின் அடித்தோல் வெடித்திருக்கிறதா, பாதத்துக்கு மேலே உள்பக்கம் தரையில் படாமல் இருக்கும் சின்ன விரலின் நகம் பிய்ந்திருக்கிறதா. அப்புறம் நாயை உட்காரச் சொல்லுங்கள். ஒரு பின்னங்காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்தால் முழங்கால் தசைநாரில் கோளாறு இருக்கலாம். பின்னாலிருந்து நடை, பக்கத்திலிருந்து நடை, இரண்டையும் ஸ்லோ மோஷனில் எடுங்கள். தலை ஒவ்வொரு எட்டுக்கும் ஆடினால் முன்னங்காலில் வலி. ஜீப்பில் தாவி ஏறும் நாய் தூக்கிவிடக் காத்திருந்தால் இடுப்பையோ தொடை உள்தசையையோ பார்க்க வேண்டும். மஞ்சளில் கால் ஊன்றி நிற்க இந்தத் தசைகளும் மூட்டுகளும் எல்லாமே வேலை செய்தாக வேண்டும். வலித்தால் குதித்துத் தப்பிப்பதுதான் நாய்க்குச் சுலபம்.

அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டியது: காலைத் தரையில் ஊன்றவே இல்லை, வீக்கம் இருக்கிறது, தொட்டால் கத்துகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, சிறுநீர் கருத்திருக்கிறது. கடைசி இரண்டும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு நஞ்சாகிவிடும்.

லேசான நொண்டல் என்றால் ஓட்டமும் ஏற்றமும் இல்லாமல் ஐந்து நாள், வார் கட்டி நடை மட்டும். ஆறாம் நாளும் இருந்தால் மருத்துவர், எக்ஸ்ரே. மலையில் எலும்பு மூட்டு பார்க்கும் வசதி குறைவு, கோவைக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ இறங்க வேண்டியிருக்கும். அந்த ஸ்லோ மோஷன் வீடியோவைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவமனைப் பதற்றத்தில் நாய் நொண்டாமல் நடந்து காட்டிவிடும்.

குட்டியாக இருந்தால் இன்னும் கவனம். எலும்பு வளர்ந்து முடிய ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும், பெரிய ஜாதிக்குக் கூடுதலாகவும். எஃப்.சி.ஐ. போட்டியில் 18 மாதத்துக்குக் குறைந்த நாயைச் சேர்ப்பதே இல்லை. அதுவரை படியும் தரைப்பலகையும் போதும்.

மருத்துவர் விட்டபின் நேரே முழு உயரத்துக்குப் போகாதீர்கள். வாசல் படியில் ஒரு வாரம், தாழ்ந்த பலகையில் இரண்டு வாரம், அப்புறம் முழு உயரத்தில் ஒரு நாளைக்கு ஐந்து இறக்கத்துக்கு மேல் வேண்டாம். மாலையில் பழக்கினால் ஐந்தரைக்குள் முடித்து நாயை உள்ளே கட்டிவிடுங்கள், சிறுத்தை நடமாட்டம் உள்ள தேயிலைச் சரிவுகளில் அதற்கு மேல் வெளியே நிறுத்தக் கூடாது.